தெரு எங்கே போய் முட்டுகிறது? ராமநாதபுரம் கரையோரத்தில் வளரும் நகர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் நகரைச் சுற்றிலும், கீழக்கரைப் பக்கமும், உச்சிப்புளி, மண்டபம் வழியாக ராமேஸ்வரம் வரையிலும் மனைப்பிரிவுகள், நம் பேச்சில் ‘நகர்கள்’, வந்துகொண்டே இருக்கின்றன. வாங்க வருபவர்கள் சென்ட் என்ன விலை, பட்டா யார் பேரில், தண்ணீர் உப்பா நல்லதா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார்கள். வாசலில் போகும் ரோடு எத்தனை அடி என்றும் கேட்கிறார்கள். அந்த ரோட்டின் மறுமுனை எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அந்த மறுமுனையைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

தெரு இணைப்பு என்றால் என்ன? ரோடு நன்றாகத்தானே போட்டிருக்கிறார்கள்?

ரோடு நன்றாக இருப்பது வேறு, ரோடுகள் ஒன்றோடொன்று சேர்வது வேறு. அடுத்தடுத்து இரண்டு நகர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் கடைசி வீடும் மற்றதன் கடைசி வீடும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் மணக்கும். ஆனால் இந்த வீட்டுப் பிள்ளை அந்த வீட்டுக்கு டியூஷன் போக வேண்டுமென்றால், 400 மீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து, மெயின் ரோட்டில் 300 மீட்டர் போய், அந்த நகரின் ஆர்ச்சுக்குள் நுழைந்து மறுபடி 400 மீட்டர் நடக்க வேண்டும். ஐம்பது அடி தூரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. அதிலும் நடுவில் உள்ள 300 மீட்டர், பஸ்ஸும் டூரிஸ்ட் வேனும் பறக்கிற ரோடு. பிள்ளையை நடக்கவிட மாட்டார்கள். அப்பா வண்டியில் கொண்டுபோய் விடுவார். அந்தச் சுவரில் ஐந்தடி வழி ஒன்று இருந்திருந்தால் இந்த வண்டி ஓட்டமே தேவையில்லை.

இதை எப்படி அளப்பது?

ஒரு தாளும் பென்சிலும் போதும். நகரின் தெருக்களைக் கோடாக வரைந்துகொள்ளுங்கள். தெரு முடிகிற அல்லது சேர்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து எத்தனை பக்கம் போகலாம் என்று எண்ணுங்கள். மறுபக்கம் வழியில்லாத முட்டுத்தெரு என்றால் 1. முச்சந்தி 3. நாற்சந்தி 4. எல்லாவற்றையும் கூட்டிப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருகிற சராசரி, அந்த நகர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஏறக்குறையச் சொல்லிவிடும்.

நம் பக்கத்தில் சாதாரணமாகப் பார்க்கிற அமைப்பையே எடுத்துக்கொள்வோம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு ரோடு போகிறது. அதன் ஒரு பக்கம் ஐந்து கிளைத்தெருக்கள். கிளைகளும் முட்டு, உள்ரோடும் கடைசியில் முட்டு. உள்ளே மட்டும் எண்ணினால் ஐந்து முச்சந்தி, ஆறு முட்டு. 15-உம் 6-உம் சேர்த்து 21, புள்ளிகள் 11, சராசரி 1.9. இப்போது அந்தக் கிளைத்தெருக்களின் ஐந்து நுனிகளையும் ஒரே ஒரு குறுக்குத் தெருவால் சேர்த்து, அதன் இரு முனைகளையும் பக்கத்து நகர்களுக்குத் திறந்துவிடுங்கள். முட்டாக இருந்த ஐந்தும் முச்சந்தி ஆகிவிடும். மொத்தம் 31, புள்ளிகள் அதே 11, சராசரி 2.8. ஒரு தெருவால் வந்த மாற்றம் இது. அதற்குப் போகிற நிலம் சில மனைகள் அளவுதான் இருக்கும். அந்தச் சில மனைகளுக்காகத்தான் அது போடப்படுவதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு: இரண்டு இடங்களுக்கு இடையே நடந்து போகிற தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுப்பது. நல்ல கட்டம் கட்டமான தெருக்களில் இது ஒன்றரையைத் தாண்டுவது அரிது. மேலே சொன்ன டியூஷன் பிள்ளைக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

கீழக்கரையில் ஆட்டோ போகவே இடமில்லை. பழைய ஊரை நல்ல உதாரணம் என்று எப்படிச் சொல்வது?

குறுகலான தெருவையும் இணையாத தெருவையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கீழக்கரையின் பழைய தெருக்களில் கார் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும், உண்மை. ஆனால் நடந்து போகிறவருக்கு அந்த ஊர் திறந்த ஊர். ஒரு சந்துக்குள் நுழைந்தால் இன்னொரு தெருவில் வெளியே வரலாம். பள்ளிவாசலுக்கு, கடைக்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு இரண்டு மூன்று வழி இருக்கும். வெயில் பக்கம் ஒரு வழி, நிழல் பக்கம் ஒரு வழி என்று பார்த்துப் போகிற வசதி புது நகர்களில் கிடையாது. முப்பது அடி ரோடு போட்ட நகரில் வழி ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான்.

ராமேஸ்வரம் வேறு மாதிரி. கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள், அவற்றிலிருந்து பிரியும் தெருக்கள். தேர் சுற்றி வர வேண்டும் என்பதற்காகவே வீதி நான்கு பக்கமும் தொடர்ந்து ஓடியாக வேண்டும். முட்டுத்தெருவில் தேர் திரும்பாது. மதுரையில் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் அடுக்கடுக்காக அமைந்ததும் இதே கணக்குத்தான்.

பழைய ஊரில் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. தீயணைப்பு வண்டி நுழையாத சந்து ஆபத்துதான், சாக்கடைக்கும் இடமில்லை.

அப்படியானால் புதிதாக வரும் நகர்கள் ஏன் இப்படி வருகின்றன? திட்டம் போடுகிறவர்களுக்குத் தெரியாதா?

தெரியாமல் இல்லை. தனித்தனியாகப் போடுவதால் வருகிற வினை. ஒருவர் மூன்று ஏக்கர் வாங்குகிறார். அது மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நீண்டு போகிற பட்டா நிலம். முன்பு பனை நின்றிருக்கும், அல்லது மானாவாரியாக நெல்லோ மிளகாயோ போட்டிருப்பார்கள். பக்கத்து நிலம் இன்னொருவருடையது, அவர் இன்னும் விற்கவில்லை. நடுவில் ஒரு ரோடு இழுத்து, இருபுறமும் மனை வெட்டி, கல் ஊன்றி, வாசலில் ஆர்ச் வைத்துவிடுகிறார்கள். நான்கு வருடம் கழித்துப் பக்கத்து நிலமும் மனையாகிறது. அவரும் தன் எல்லைக்குள் ஒரு ரோடு போட்டு ஒரு ஆர்ச் வைக்கிறார். இரண்டு ரோடும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, சேர்வதில்லை. சேர வேண்டும் என்று சொல்வதற்கு இருவருக்கும் மேலே அந்த நேரத்தில் ஒரு வரைபடம் இருந்திருக்க வேண்டும். பல இடங்களில் இல்லை.

ஊர் வளர்வது நகராட்சி எல்லைக்கு வெளியே என்பதும் ஒரு காரணம். 2011 கணக்கெடுப்பில் ராமநாதபுரம் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 61 ஆயிரம். ஆனால் வீடுகள் பெருகியதெல்லாம் பட்டணம்காத்தான், சக்கரக்கோட்டை, சூரங்கோட்டை போன்ற ஊராட்சிகளில். கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய்ப் பார்த்தால் எங்கே நகராட்சி முடிந்தது, எங்கே ஊராட்சி தொடங்கியது என்று தெரியாது. வீடு கட்டுகிறவருக்குத் தெரியாவிட்டாலும் ரோடு போடுகிற பணத்துக்குத் தெரியும்: எல்லைக் கோட்டோடு நின்றுவிடும்.

அப்புறம் வெளிநாட்டுப் பணம். துபாய், சவூதி, மலேசியா, சிங்கப்பூர் என்று போனவர்கள் சேமிப்பை மனையில்தான் போடுகிறார்கள். அதில் தப்பில்லை, வங்கியை விட மண்ணை நம்புகிற ஊர் இது. ஆனால் பாதி மனைகளில் வீடு வருவதே இல்லை. சீமைக் கருவேலம்தான் வருகிறது. ஆளே இல்லாத நகரில் பக்கத்து நகருக்கு வழி கேட்க யார் இருக்கிறார்கள்?

தெருக்குத்து நம்பிக்கைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தெரு நேராக வந்து குத்துகிற மனையை யாரும் சட்டென்று வாங்க மாட்டார்கள். வாங்கினாலும் சுவரில் ஒரு பிள்ளையாரை வைத்துவிடுவார்கள். அதனால் தெருவின் நுனியில் மனை போடாமல், ரோட்டை எல்லை வரை இழுத்து அப்படியே விட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறது. எனக்கு இதில் ஒரு சந்தோஷம்: அந்த நுனி பின்னால் பக்கத்து நிலத்தோடு சேர்வதற்கு வாகான இடம். பக்கத்தில் வருகிறவர் அங்கே சுவர் எழுப்பாமல் இருந்தால் சரி.

நகரம் பரவுவதும் தெரு இணையாமல் போவதும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் சேர்ந்தே வரும். ஊரை ஒட்டி நெருக்கமாக வளர்ந்தால் பரவல் குறைவு. நடுவில் நாலு வயலை விட்டுவிட்டு ஐந்தாவது வயலில் நகர் போட்டால், அந்த நகருக்கு மெயின் ரோட்டை விட்டால் கதியில்லை. மதுரையிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 87-இல் ராமநாதபுரம் தாண்டிக் கிழக்கே போனால் இது நன்றாகத் தெரியும். உச்சிப்புளி, மண்டபம், பாலம் ஏறி இறங்கினால் பாம்பன், தங்கச்சிமடம் என்று கடைகளும் வீடுகளும் அந்த ஒரே ரோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மண்டபத்துப் பக்கம் நிலமே ஒடுக்கம்: ஒரு புறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. அங்கே அப்படித்தான் வளர முடியும். ஆனால் அகலமான நிலம் இருக்கிற இடத்திலும் அதே மாதிரி ரோட்டைப் பிடித்து வளர்வதுதான் பரவல். காசிக்குப் போய்வந்து தீர்த்தமாட வருகிறவரும், பால் வாங்கப் போகிறவரும், மீன் ஏற்றிய லாரியும் ஒரே ரோட்டில்.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவின் தெருக்களை 1920 முதல் 2012 வரை ஆண்டுவாரியாகக் கணக்கிட்டு, கிறிஸ்டோபர் பேரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இருவர் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேலே பென்சிலால் நாம் செய்த அதே வகைக் கணக்கு, பெரிய அளவில். அவர்கள் கண்டதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, தெருக்கள் ஒன்றோடொன்று சேராமல் சிதற ஆரம்பித்தது எல்லோரிடமும் கார் வருவதற்கு முன்பே. காரைக் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. இரண்டு, புதிதாகப் போடுகிற தெருக்களில் சிதறல் 1994 வாக்கில் உச்சத்துக்குப் போய், அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. பல நகரங்களில் முட்டுத்தெருவுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

முட்டுத்தெருவை நாகரிகமாக்கியதும் அதே நாடுதான். 1929-இல் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் என்ற குடியிருப்பைக் கட்டியபோது, கார் உள்ளே ஓடக் கூடாது என்று வீடுகளை முட்டுத்தெருக்களில் வைத்தார்கள். ஆனால் நடப்பவர்களுக்குப் பின்பக்கம் பூங்கா வழியாகப் பாதை விட்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் முட்டுத்தெருவை எடுத்துக்கொண்டு பாதையை விட்டுவிட்டார்கள்.

அதே இருவர் 2020-இல் உலகம் முழுவதற்குமான கணக்கை வெளியிட்டார்கள். 1975-க்குப் பிறகு உலகின் பெரும் பகுதியில் புதிய தெருக்கள் முன்பைவிட இணைப்புக் குறைந்தே வருகின்றன என்பது அதன் சாரம். தென் அமெரிக்காவின் பல நகரங்களும் ஜப்பானும் கட்டத் தெருக்களைப் பெருமளவு காப்பாற்றியிருக்கின்றன. தென்கிழக்கு ஆசியாவில் வாசல் போட்டு மூடிய குடியிருப்புகள் கூடியிருக்கின்றன. நம் ஆர்ச் கலாசாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போதைக்கு இருக்கட்டும், பின்னால் சரிசெய்துகொள்ள முடியாதா?

வீட்டை இடித்துக் கட்டலாம், கடையை மாற்றலாம். தெருவை மாற்றுவது அப்படியல்ல. தெருவின் இரண்டு பக்கமும் நூறு பேருடைய பட்டா இருக்கிறது. ஒருவர் மறுத்தாலும் நின்றுபோகும். நியூயார்க்கில் மன்ஹாட்டனுக்கு 1811-இல் போட்ட கட்டத் தெருக்களில்தான் இன்றைக்கும் கார் ஓடுகிறது. நம் கரையோரத்தில் ஒரு ஊரின் தெருக்கள் அடியோடு அழிந்தது எனக்குத் தெரிந்து தனுஷ்கோடியில்தான். அதற்கு 1964 டிசம்பர் புயல் வர வேண்டியிருந்தது.

குஜராத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதியின் நிலங்களை எல்லாம் தாளில் ஒன்றாகச் சேர்த்து, தெருவுக்கும் பூங்காவுக்கும் இடம் எடுத்துக்கொண்டு, மீதியைச் சதுரமாக்கி அவரவருக்கே திருப்பித் தருவார்கள். நிலம் குறையும், மதிப்பு கூடும். அகமதாபாத்தின் பெரும் பகுதி இப்படி வளர்ந்ததுதான். இதை மனை விற்ற பிறகு செய்வது மிகக் கடினம். கல் ஊன்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டும்.

முட்டுத்தெருவில்தான் அமைதி, திருட்டுப் பயமும் இல்லை என்கிறார்களே?

அமைதி உண்மைதான். வேகமாகப் போகிற வண்டி உள்ளே வராது, பிள்ளைகள் தெருவில் விளையாடலாம். திருட்டைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆள் நடமாட்டமே இல்லாத தெருக்கோடி பூட்டிய வீட்டுக்குக் காவலா, திருடனுக்கு வசதியா என்று யோசித்துப் பாருங்கள். நம் பக்கம் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. எல்லா இணைப்பும் கார் போகிற இணைப்பாக இருக்க வேண்டியதில்லை. சுவரில் ஐந்தாறு அடி விட்டு, நடுவில் ஒரு கல்தூண் நட்டால் நடப்பவர், சைக்கிள், தள்ளுவண்டிக்காரர் போகலாம், கார் நுழையாது. அமைதியும் கெடாது, மீன்காரம்மா தலைச்சுமையோடு இரண்டு கிலோமீட்டர் சுற்றவும் வேண்டாம்.

கண்மாய், ஓடை எல்லாம் குறுக்கே இருக்கும்போது தெருவை எப்படி இணைப்பது?

இணைக்கக் கூடாது, பல இடங்களில். இணைப்பைப் பற்றி இவ்வளவு பேசினாலும் நம் மாவட்டத்துக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். வைகை வந்து முடிகிற ராமநாதபுரம் பெரிய கண்மாயும், பறவைகள் வந்து தங்கும் சக்கரக்கோட்டைக் கண்மாயும் ஊரை ஒட்டியே இருக்கின்றன. சக்கரக்கோட்டை 2025-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கண்மாய்க் கரையில் தெரு முட்டி நின்றால் அது நியாயமான முட்டு. கடலில் முட்டினாலும் அப்படித்தான். மீனவர் குடியிருப்புகளில் தெருக்கள் கரையைப் பார்த்து இறங்குவது படகுக்கும் வலைக்குமான தேவை.

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்தான் சிக்கல். கோடையில் அது வெறும் பள்ளமாகத் தெரியும், கருவேலம் மூடியிருக்கும். அதன் குறுக்கே மண்ணடித்து ரோடு போட்டு, குழாய்கூட வைக்காமல் விட்டால், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்து தன் வழியைக் காட்டும். அங்கே தெருவை இணைக்க வேண்டுமானால் சிறு பாலம் கட்டி இணைக்க வேண்டும். பணம் இல்லையென்றால் இணைக்காமல் விடுவதே மேல்.

ராமேஸ்வரம் தீவுக்கு ஒரு பாலம் போதாதா?

போதும் என்று நினைத்த காலமெல்லாம் பார்த்தாயிற்று. 1914 முதல் 1988 வரை தீவுக்கு ரயில் பாலம் மட்டும்தான். 1964 புயலில் அது சேதமானபோது ரயிலும் நின்றது, வேறு வழியும் இல்லை. 1988-இல் சாலைப் பாலம் வந்தது. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை ரயில் மண்டபத்தோடு நின்றது. சாலைப் பாலம் இருந்ததால் ஊர் தடுமாறவில்லை. ஒரு நகருக்கும் இரண்டாவது வழி தேவை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இந்தக் கரையில் இல்லை. ஆர்ச்சுக்கு முன்னால் ஒரு லாரி பழுதாகி நின்றால் 108 எப்படி உள்ளே வரும்?

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருந்தால் இதெல்லாம் சரியாகத்தானே இருக்கும்?

அப்ரூவல் இருப்பது இல்லாததை விட எவ்வளவோ மேல். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் ரோடுகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதன் பிறகு அது ஊரின் தெரு, விற்றவர் அடைக்க முடியாது. ஆனால் அங்கீகாரம் பெரும்பாலும் அந்த நிலத்துக்குள் ரோட்டு அகலம், மனை அளவு, பூங்கா இடம் ஆகியவற்றைப் பார்க்கிறது. பக்கத்து நிலம் இன்னும் வயலாக இருக்கும்போது அதோடு எப்படிச் சேரும் என்பது அலுவலரின் அக்கறையைப் பொறுத்தது.

அங்கீகாரமில்லாமல் போட்ட மனையைப் பின்னால் முறைப்படுத்துகிற வரன்முறை வேறு கதை. 2016-இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டது. 2017-இல் வந்த விதிகள், 20.10.2016-க்கு முன் பதிவானவற்றைக் கட்டணம் கட்டி வரன்முறை செய்ய வழி விட்டன. காகிதம் சரியாகும். முட்டிய தெரு முட்டியபடியேதான் இருக்கும்.

மனை வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

விற்பவர் கொடுக்கிற பளபளப்பான பிளானைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். அதில் நகரின் நான்கு பக்கமும் வெள்ளையாகத்தான் இருக்கும், உலகமே அங்கே முடிகிற மாதிரி. கிராம வரைபடத்தையும், சர்வே எண் வாரியாக நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தையும் எடுத்து, பக்கத்துச் சர்வே எண்களில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வண்டிப்பாதை என்று ஏதாவது போகிறதா? அது இன்றைக்கும் தரையில் இருக்கிறதா, யாராவது வேலி போட்டு அடைத்திருக்கிறார்களா? செல்போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் பழைய பாதைகள் பனைகளுக்கு நடுவே வெளுப்பான கோடாகத் தெரியும். மக்கள் எந்த வழியாக நடந்தார்கள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். பிறகு மெயின் ரோட்டை மிதிக்காமல் அருகிலுள்ள பள்ளிக்கோ பலசரக்குக் கடைக்கோ நடந்து போக முடியுமா என்று போய்ப் பாருங்கள். முடியாதென்றால் அந்த விலையில் பெட்ரோல் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே முட்டுத்தெருவில் வீடு கட்டிவிட்டோம். இனி என்ன செய்யலாம்?

முதலில் தெருவின் நுனியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு நகரின் ரோடு என்றால் வேலை பாதி முடிந்தது. இரண்டு ரோடும் தானமாகக் கொடுக்கப்பட்டவையா என்று ஊராட்சியில் கேளுங்கள். கொடுத்திருந்தால் நடுவில் இருக்கிற சுவருக்குச் சட்டப்படி பெரிய பலம் இல்லை. அந்தப் பக்கத்து ஆட்களோடு உட்கார்ந்து பேசி, கிராம சபையில் தீர்மானம் போட வையுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வண்டிப்பாதையை அடைத்திருந்தால் அளந்து காட்டச் சொல்லித் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம். மனுவோடு புலப்படத்தின் நகலையும் வையுங்கள், வெறும் புகார்க் கடிதம் மேஜை மேஜையாகச் சுற்றும்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவருடைய காலி மனை என்றால், இரண்டு நகர்க்காரர்களும் சேர்ந்து பணம் போட்டு அதில் ஆறடி வழி மட்டும் கிரயம் கேட்கலாம். அவர் வீடு கட்டத் தொடங்குவதற்கு முன்னால் கேளுங்கள். அஸ்திவாரம் தோண்டிவிட்டால் பேச்சு வேறு மாதிரி போகும்.